இரண்டாம் இடம் பற்றிய ஆட்சேபம்

நில்லுங்கள் ஐயா. அந்தப் பையில் என்ன வைத்திருக்கிறீர்கள்?

கேமராவா? கேமரா மட்டும்தானா? கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊருக்குப் பையோடு வருகிற யாரையும் நான் கேட்காமல் விடுவதில்லை. யாராவது ஒருவர் கேட்டுத்தானே ஆகவேண்டும்? கடலில் ஆடுகிற அந்த மஞ்சள் மிதவையைப் பார்க்க வந்தீர்கள். பார்த்தாயிற்று, படமும் எடுத்தாயிற்று. நாகர்கோவில் பேருந்து நான்கரைக்குத்தான். இந்த நிழற்குடையில் என்னோடு உட்காரலாம். தண்ணீர் வேண்டுமா? நல்ல தண்ணீர்தான். நானும் இதைத்தான் குடிக்கிறேன்.

என் பெயர் கபிரியேல். இந்த அலங்காரத்துறைப் பள்ளியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியர். அவற்றில் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியர். ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஊரிலிருந்து எந்த அலுவலகத்துக்கு எந்த மனு போனாலும் அதை எழுதியவன் நானாகத்தான் இருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகும் செய்திக்கு அது தேவைப்படுகிறது, அதனால் சொல்கிறேன்.

மிதவையைப் பற்றி அந்தக் கொட்டகையில் இருப்பவர்கள் உங்களுக்கு என்ன சொன்னார்கள்? அலை ஏறும்போது மிதவை ஏறும், அலை இறங்கும்போது மிதவை இறங்கும், உள்ளே காந்தம், அதைச் சுற்றிக் கம்பிச்சுருள், அந்த அசைவிலிருந்து மின்சாரம், கடலுக்கடியில் வடம், வடம் வழியாகக் கரைக்கு. இவ்வளவுதானே? எங்களுக்கும் இதையேதான் சொன்னார்கள். ஒரு சொல் மாறவில்லை. ஒரு சொல்கூட மாறாமல் எல்லாரும் ஒரே செய்தியைச் சொன்னால் எனக்கு ஐயம் வரும். வகுப்பில் நாற்பது பேரும் ஒரே விடையை ஒரே சொற்களில் எழுதியிருந்தால் என்ன பொருள்? அதே பொருள்தான்.

எங்களுக்குப் பட்ட அனுபவம் இருக்கிறது ஐயா. கடலரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கட்டப்போகிறோம் என்று முன்பு ஒரு கூட்டத்தார் வந்தார்கள். அளந்தார்கள், கொடி நட்டார்கள், எங்கள் பெண்கள் கொடுத்த இளநீரைக் குடித்தார்கள். கடைசியில் கல்லைக் கொட்டியது பக்கத்து ஊரான இலந்தைத்துறையில். அவர்கள் கரை நின்றது. எங்கள் கரை போயிற்று. பதினேழு வீடுகள். ஆகவே, மறுபடியும் அளவுகோலோடு ஆட்கள் வந்தபோது, 'இவர்கள் உண்மையில் எதைத் தேடுகிறார்கள்?' என்று நான் கேட்டதில் தவறுண்டா? இல்லை அல்லவா?

வந்தவள் ஒரு பெண். நிறைமதி என்று பெயர். பொறியாளர். தருமபுரிப் பக்கம். கடலையே கல்லூரிச் சுற்றுலாவில்தான் முதன்முதலாகப் பார்த்தாளாம். அவள் எங்கள் அலையை அளக்க வந்திருக்கிறாள்! முதல் நாள் வள்ளத்தில் ஏறிக் கரையைவிட்டு நூறு அடி போவதற்குள் வாந்தி. அவளைக் கடலுக்குள் கூட்டிப்போகும் வேலையை ஏற்றுக்கொண்டவன் யார் தெரியுமா? என் தம்பி ததேயு.

இங்கேதான் கவனிக்க வேண்டும்.

நாங்கள் இரண்டே பேர். நான் படித்து ஆசிரியன் ஆனேன். அவன் எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு அப்பாவின் வள்ளத்தில் ஏறினான். என்னைவிட ஒன்பது வயது இளையவன். ஆனாலும் சனிக்கிழமைதோறும் நானும் அவனோடு கடலுக்குப் போவேன். பேச மாட்டோம். அவன் ஒரு முனையில், நான் ஒரு முனையில், தூண்டில் கயிறு விரலில். நாற்பது ஆண்டுகளாக அப்படித்தான். மற்ற நாள்களில் மாலையில் அவன் என் வீட்டுக்கு வருவான். ஒரு மீனைப் பிரகாசியின் கையில் கொடுப்பான். பிரகாசி என் மனைவி. வாசற்படியில் உட்கார்ந்து ஒரு கடுங்காப்பி குடிப்பான், போய்விடுவான். ஒரு நாளும் தவறியதில்லை. மழை பெய்தாலும் தவறியதில்லை.

எங்கள் அப்பா எங்களுக்கு விட்டுப்போனது ஒரு பார். பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத்திட்டு. மீன் தங்கும் இடம். அதிகம் இல்லை, ஒரு பள்ளி மைதானம் அளவுதான் இருக்கும். ஆனால் களவாவும் விளமீனும் அங்கே கிடக்கிற கிடப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரு கோடு, வேறு இரண்டை அதேபோல வைத்து இன்னொரு கோடு. கோடுகள் வெட்டுகிற இடத்தில் கல்லை இறக்கி வள்ளத்தை நிறுத்த வேண்டும். அந்த அடையாளம் அப்பாவுக்குத் தெரியும். அவர் எங்கள் இருவருக்கும் சொன்னார். வேறு யாருக்கும் தெரியாது. ததேயு தன் வள்ளத்தில் இடங்காட்டும் ஜி.பி.எஸ். கருவிகூட வாங்கி வைக்கவில்லை. "கருவியில இடத்தோட எண்ணைப் பதிஞ்சா, கருவியைக் கடன் வாங்குறவன் எண்ணையும் எடுத்துருவான் அண்ணே" என்பான். அப்படிக் காத்தோம். எத்தனை ஆண்டுகள்? அப்பா இறந்தே முப்பத்தொரு ஆண்டுகள்.

இருவருக்கு மட்டுமே தெரியும். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு தை மாதம் எங்கள் கோயிலின் பங்கு மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். கருத்துக் கேட்பு. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இங்கிருந்து இலந்தைத்துறை வரை ஏழு ஊர் மீனவர்களும் வந்திருந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு நிறைமதி வீடுவீடாக ஒரு வரைபடத்தைக் காட்டிக்கொண்டு போனாள். மிதவையைக் கட்ட மூன்று இடங்களைக் குறித்திருந்தாள். முதலாம் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம். பார்த்தவுடன் விரல் வைத்து அளந்தேன். இரண்டாம் இடம் எங்கள் பாரிலிருந்து அரை மைல்கூட இல்லை!

"இந்த இடத்தை யார் காட்டியது?" என்று கேட்டேன்.

"யாரும் காட்டல சார். அலை அங்கதான் நல்லா எழும்புது. கீழ ஏதோ மேடு இருக்கும்போல."

கேட்டீர்களா? 'ஏதோ மேடு இருக்கும்போல.' எவ்வளவு நயமாகத் தூண்டில் போட்டாள்!

அன்று மாலை ததேயு வந்தான். படியில் உட்கார்ந்தான். "அண்ணே, நாம இதுல ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றான்.

"ஏன்?"

"மிதவைக்கு நாலு பக்கமும் சங்கிலி போடுவாங்க. சங்கிலி கிடக்கிற இடத்துல எவன் வலை விடுவான்? நம்ம பாருக்கு அது காவல் மாதிரி. நாம தூண்டில்காரன். நமக்கு என்ன?"

"நாளைக்கு மிதவையை அரை மைல் தள்ளிப் பாரின் மேலேயே நிறுத்தினால்?"

"நிறுத்துனா அப்பப் பாத்துக்கிடுவோம். நீங்க எழுந்திருச்சுப் பேசுனா, வாத்தியார் ஏன் இந்த இடத்துக்கு இப்படித் துடிக்காருன்னு எல்லாரும் பாப்பாங்க."

நீங்களே சொல்லுங்கள். அவளுக்கு வள்ளம் ஓட்டுகிறவன், அவளோடு பகலெல்லாம் கடலில் சுற்றுகிறவன், எங்கள் குடும்பச் சொத்து போகப்போகிற நேரத்தில் வாயைத் திறக்காதே என்கிறான். ஐயம் வருமா, வராதா? எனக்கு அன்றுதான் முதல் பொறி விழுந்தது.

அவன் போனபிறகு எழுத உட்கார்ந்தேன். ஐயா, ஆட்சேப மனு எழுதுவதில் ஒரு நெறி இருக்கிறது. மொட்டையாக 'இந்த இடம் வேண்டாம்' என்றால் அந்த மனு நிற்காது. எந்த இடம்? எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? எல்லை சொல்லாவிட்டால், 'ஐயா குறிப்பிட்டது வேறிடம் என்று எண்ணினோம்' என்று நாளைக்குப் பல்லை இளிப்பார்கள். தூண்டில் வளைவில் நாங்கள் ஏமாந்ததே அப்படித்தான். ஆகவே எள்ளளவும் ஐயத்துக்கு இடம் வைக்காமல் எழுதினேன். எனக்கு இன்றும் மனப்பாடம். அதில் பாகம் என்று வருவது இரண்டு கையையும் விரித்த நீளம், கடலை நாங்கள் அப்படித்தான் அளப்போம்.

'மேற்படி இரண்டாம் இடத்தை ஒட்டி, எங்கள் ஊர்க் கோயிலின் கிழக்குக் கோபுரச் சிலுவை, இரட்டைக்கொம்பு மலையின் தென்கொம்பின்மேல் நேராக நிற்கவும், பழைய உப்புக் கிட்டங்கியின் கூரை முகடு, அதன் பின்னுள்ள காற்றாலைகளுள் மூன்றாவதன் தண்டை மறைக்கவும் அமைந்த, பதினான்கு பாகம் ஆழமுள்ள இடத்தையும், அதனைச் சுற்றி நூறு பாகம் பரப்பையும், எக்காரணம் கொண்டும் தொடலாகாது.'

எப்படி? ஒரு சொல்லை எடுக்க முடியுமா? ஒரு சொல்லைச் சேர்க்க முடியுமா? மூன்றாவது காற்றாலை இப்போது இருக்கிற இடத்தில் அப்பா காலத்தில் ஒற்றைப் பனை நின்றது. அதை விட்டுவிட்டுக் காலத்துக்கேற்பத் திருத்திக்கொண்டேன்.

இப்போது நீங்கள் ஒன்று நினைக்கிறீர்கள். முகத்தில் தெரிகிறது. நான் அவ்வளவு ஏமாளி இல்லை. 'பார்' என்ற சொல் மனுவில் இல்லை. 'மீன்' என்ற சொல்லும் இல்லை. காரணம் கேட்டால் சொல்ல, 'எங்கள் முன்னோர் செபம் செய்த இடம்' என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தேன். கடலுக்கு நடுவில் எப்படிச் செபம் செய்தார்கள் என்று அதிகாரி கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் விடை வைத்திருந்தேன்.

கூட்டம் நடந்தது. நிறைமதி காந்தம், கம்பிச்சுருள் எல்லாம் சொன்னாள். எங்கள் ஊர் ரெய்மண்ட் எழுந்தான். எதற்கும் கேலி பேசுகிற ஆள்.

"ஏம்மா, அலை அடிச்சாத்தான் கரண்டா? அப்ப கடல் செத்துக் கிடக்கிற மாசத்துல கரண்ட் கட்டா?"

"குறையும் அண்ணா. எவ்வளவு குறையும்னு அளக்கத்தான் ஒரு வருஷம் வைக்கிறோம்."

"ஆனி ஆடியில நாங்க கடலுக்குப் போக முடியாம வீட்டுல கிடப்போம். அப்ப நிறைய வரும்?"

"அப்பதான் நிறைய."

"சரிதான். நாங்க பட்டினி கிடக்கிற மாசத்துல லைட்டு நல்லா எரியும். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்கலாம்!"

மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிப்பவர்களிடம் எனக்கு எச்சரிக்கை அதிகம்.

பிறகு நான் ஒலிபெருக்கி முன்னால் போய் மனுவை வாசித்தேன். என்ன அமைதி என்கிறீர்கள்! முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பெடுத்திருக்கிறேன். அப்படி ஓர் அமைதியைக் கேட்டதில்லை. ஏழு ஊர்க்காரர்களும் ஒரு சொல் விடாமல் கேட்டார்கள். சிலர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கி இடையில் கரகரத்தது. இலந்தைத்துறைக்காரர் ஒருவர் எழுந்து, "வாத்தியாரய்யா, அந்தச் சிலுவையிலிருந்து மட்டும் இன்னொருக்கா வாசிங்க" என்று மரியாதையாகக் கேட்டார். தமிழின் அருமை தெரிந்த மனிதர். நிறுத்தி, நிதானமாக, மறுபடியும் வாசித்தேன்.

அப்போது ததேயு எனக்குப் பின்னால் வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "போதும்ணே, உக்காருங்க." மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் இழுத்தான். அத்தனை பேர் முன்னிலையில் அண்ணனின் சட்டையை! நான் கையைத் தட்டிவிட்டு வாசித்து முடித்தேன். கைதட்டல் எழுந்தது. இலந்தைத்துறைக்காரர்கள்தாம் அதிகம் தட்டினார்கள். ததேயு காப்பிகூடக் குடிக்காமல் வெளியே போய்விட்டான். பொறாமை என்று எண்ணிக்கொண்டேன். வேறு என்ன எண்ணுவது?

மனு வென்றது. இரண்டாம் இடத்தை அடித்துவிட்டார்கள். மிதவை மூன்றாம் இடத்துக்கு, மேற்கே இரண்டு மைல் தள்ளிப் போயிற்று. நீங்கள் இன்று பார்த்தது அங்கேதான்.

கூட்டம் நடந்தது சனிக்கிழமை. திங்கட்கிழமை காலை ததேயு கடலிலிருந்து வெறுங்கையோடு திரும்பினான். என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"பதினோரு வள்ளம் நிக்குதுண்ணே. எல்லாம் இலந்தைத்துறை வள்ளம். சரியா நம்ம பார் மேல நிக்குது."

அந்தப் படியில்தான் ஐயா, நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முப்பத்தொரு ஆண்டுகள்! ஒரே வாரத்தில் வலைபோட்டுச் சுரண்டிவிட்டார்கள். இன்று அங்கே ஒரு களவாக் குஞ்சுகூடக் கிடையாது.

யார் சொன்னது? நான் முறையாக ஆராய்ந்தேன். உணர்ச்சிவசப்படவில்லை. இரண்டு பேருக்குத் தெரியும். ஒருவன் நான். நான் யாரிடமும் சொல்லவில்லை. மீதி யார்?

பிரகாசி அடுக்களை வாசலில் நின்று, "ஏங்க, நீங்கதான் அன்னைக்கு மைக்குல..." என்று ஏதோ தொடங்கினாள்.

"மனுவில் 'மீன்' என்ற சொல் உண்டா?"

"இல்ல."

"'பார்' என்ற சொல்?"

"இல்ல."

"பிறகு?"

அவள் என்னைப் பார்த்தாள். ததேயுவைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். விடை இல்லாதவர்கள் அப்படித்தான் போவார்கள்.

நான் தம்பியைக் கேட்டேன்: "நீ சொன்னாயா?"

"நான் சொல்லலண்ணே."

"பிறகு யார் சொன்னது?"

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏதோ வாய் வரைக்கும் வந்தது, விழுங்கினான். எனக்குத் தெரியாதா? ஆயிரம் பிள்ளைகளைப் பார்த்தவன். உண்மையை விழுங்குகிற முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"தெரியலண்ணே" என்றான்.

"தெரியாதவன் என் வாசலுக்கு வர வேண்டாம்" என்றேன்.

வரவில்லை. அன்றிலிருந்து ஓராண்டுக்கு மேல் வரவில்லை. கோயிலில் நான் வலப்பக்கம் என்றால் அவன் இடப்பக்கம். அவன் தூண்டிலை விட்டுவிட்டு அந்த மிதவைக்காரர்களிடமே முழுநேர வேலைக்குச் சேர்ந்தான். மிதவையில் ஒட்டும் கொட்டலசு என்கிற சிப்பியைச் சுரண்டுவது, சங்கிலியைப் பார்ப்பது. அதுவும் என் ஐயத்துக்கு வலுச்சேர்த்தது. இல்லையா?

நான் சும்மா இருக்கவில்லை. பங்குனியில் மிதவையைக் கட்டி, வலை பின்னும் கூடத்துக்கு அதிலிருந்து விளக்குப் போட்டுவிட்டோம் என்றார்கள். இரகசியமாக மின்வாரியக் கம்பியில் கொக்கி போட்டிருப்பார்கள் என்று எனக்குப் பட்டது. ஆனி மாதம் ஒரு நாள் பகலில் ஊர் முழுக்க மின்வெட்டு. கைக்கடிகாரத்தோடு கூடத்துக்குப் போனேன். ஆறு விளக்குகளும் எரிந்தன. மின்விசிறி சுற்றியது. பெண்கள் காற்றில் உட்கார்ந்து வலை பின்னினார்கள்.

"மின்கலத்தில் முன்னமே சேர்த்து வைத்திருக்கிறீர்கள்" என்றேன் நிறைமதியிடம்.

"ஆமாம் சார், சேத்துத்தான் வைப்போம். அலை ஒரே மாதிரி வராதே. வர்றதைப் பாக்கணும்னா இந்த மீட்டர் முள்ளைப் பாருங்க."

பார்த்தேன். சன்னல் வழியாக அலையைப் பார்த்தேன், முள்ளைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டு நொடிக்கு ஒருமுறை அங்கே மிதவை ஏறியது. எட்டு நொடிக்கு ஒருமுறை இங்கே முள் ஏறியது. அறுபது அலை எண்ணினேன். அறுபதும் பொருந்தின. அப்படிப் பொருந்தியதுதான் என்னை உறுத்தியது. உண்மையான செய்தியில் எங்காவது ஒரு பிசிறு இருக்கும் அல்லவா?

நான் எண்ணிக்கொண்டிருந்தபோது கால் கடுத்தது. யாரோ பின்னால் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தார்கள். திரும்பினேன். ததேயு. வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். நான் உட்காரவில்லை. இருபத்தைந்தாவது அலையில் உட்கார்ந்தேன். அது வேறு.

இந்த ஆண்டு வைகாசியில் அவன் மகள் ஜெசிந்தாளுக்குத் திருமணம். கோயிலில் திருமண அறிவிப்பின் இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு மாலை, அவனும் அவன் மனைவி அமலோற்பவமும் தட்டோடு என் வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் வழக்கப்படி, பெண் கோயிலுக்குப் புறப்படும் முன் பெரியப்பன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர் கொடுக்க வேண்டும். வேறொருவர் கொடுத்தால், பெரியப்பன் ஒதுக்கிவிட்டான் என்று மாப்பிள்ளை வீட்டார் பேசுவார்கள். ஜெசிந்தாளுக்கு அகரம் சொல்லிக்கொடுத்தவன் நான்.

"வருகிறேன்" என்றேன். "ஆனால் நீ உண்மையைச் சொல்ல வேண்டும்."

அமலோற்பவம் தட்டைக் கீழே வைத்தாள். "மச்சான், உண்மை வேணுமா உங்களுக்கு? நான் சொல்லுதேன். அன்னைக்கு மண்டபத்துல..."

"ஏட்டி, சும்மா இரு!" என்றான் ததேயு. அவன் அவளை அதட்டி நான் கேட்டதே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினான். "நான்தான் சொன்னேன் அண்ணே."

ஒப்புக்கொண்டான்! கேட்டீர்களா? ஓராண்டுக்கு மேல் நான் எதைச் சொன்னேனோ அதையே ஒப்புக்கொண்டான்.

ஆனால் வெறும் ஒப்புதல் போதாது. விவரம் வேண்டும்.

"யாரிடம் சொன்னாய்?"

"எல்லார்கிட்டயும்."

"எல்லாரிடமுமா? எங்கே வைத்து?"

"நம்ம பங்கு மண்டபத்துல வச்சுத்தான்."

"எப்போது?"

"அன்னைக்குக் கூட்டத்துலதான்."

என் மூக்குக்கு நேரே நடந்திருக்கிறது! நான் ஒலிபெருக்கி முன்னால் நின்று ஊருக்காகப் போராடிக்கொண்டிருந்த அதே நேரத்தில்! "நான் அங்கேதானே இருந்தேன்? எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?" என்றேன்.

"நீங்க வாசிச்சுக்கிட்டு இருந்தீயண்ணே" என்றான்.

அடுக்களையில் ஏதோ சத்தம். பிரகாசி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். சிரித்தாளா, அழுதாளா என்று எனக்கு விளங்கவில்லை. அமலோற்பவம் தலையில் அடித்துக்கொண்டாள். கணவனின் துரோகம் வெளிப்பட்ட அவமானம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து ததேயுவின் தோளில் கை வைத்தேன். "மன்னித்தேன்" என்றேன். ஐயா, மன்னிப்பது எளிதில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் காத்த பார். இருந்தும் மன்னித்தேன்.

திருமணத்துக்குப் போனேன். ஆசீர் கொடுத்தேன். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். எல்லாம் முறைப்படி.

இப்போது ஆவணி. மூன்று மாதங்கள் ஆகின்றன.

அவன் வரவில்லை ஐயா.

வழியில் பார்த்தால் நிற்பான். "நல்லாருக்கீயளாண்ணே?" என்பான். வேட்டியை இறக்கிவிட்டுத்தான் பேசுவான். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மாலையில் வருவதில்லை. பிரகாசி ஐந்தரை மணிக்கு இன்னும் ஒரு டம்ளர் கூடுதலாகக் காப்பி போடுகிறாள். ஆறிப்போனபின் அவளே குடிக்கிறாள். குற்றம் செய்தவன் அவன், மன்னித்தவன் நான். மன்னித்தபிறகு வர வேண்டியதுதானே? இதில் என்ன தந்திரம் இருக்கிறது? நான் பலவாறாக யோசித்துவிட்டேன், பிடிபடவில்லை.

நேற்று முன்தினம் நானே போனேன். ஆம், நானே. கரையில் உட்கார்ந்து, மிதவையிலிருந்து கழற்றிவந்த ஒரு சங்கிலித் துண்டில் ஒட்டியிருந்த கொட்டலசைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தான். அருகில் யாருமில்லை.

உங்களிடம் சொல்கிறேன், இதுவரை பிரகாசிக்குக்கூடச் சொன்னதில்லை. அப்பா இறப்பதற்கு முந்தின நாள், ததேயு கடலுக்குப் போயிருந்தபோது, என்னை அருகில் கூப்பிட்டு இன்னோர் இடம் சொன்னார். சிறியது, ஒரு வீட்டு முற்றம் அளவுதான். அது எனக்கு மட்டும் தெரியும். முப்பத்தொரு ஆண்டுகளாக நான் அங்கே போனதில்லை. வள்ளம் ஓட்டத் தெரியாதவன் எப்படிப் போவது? அதை அவனுக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். கொடுத்தால் மறுபடியும் சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் போகலாம். பேச வேண்டியதில்லை. பழையபடி.

"ததேயு, அப்பா சொன்னது இன்னொன்று இருக்கிறது" என்றேன்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். கையைத் துடைத்தான். எழுந்து நின்றான்.

"எங்கிட்ட சொல்லாதீங்கண்ணே."

"ஏன்?"

"இப்ப ஒரு ஆளுக்குத்தான் தெரியும். நாளைக்கு அது போச்சுன்னா, கேக்கதுக்கும் ஒரே ஆளுதான். எனக்குத் தெரிஞ்சா ரெண்டு ஆளாயிரும்." சிரித்தபடிதான் சொன்னான். "நான் ஒருக்கா ஒத்துக்கிட்டேன். இன்னொருக்கா முடியாதுண்ணே. வயசாயிட்டு."

பிறகு உட்கார்ந்து, சுரண்டத் தொடங்கிவிட்டான். நான் நின்றேன். அவன் நிமிரவில்லை.

இரண்டு நாள்களாக அந்தச் சொற்களையே புரட்டிப் பார்க்கிறேன். 'இன்னொருக்கா முடியாது' என்றால் என்ன பொருள்? ஒருவேளை அந்த இடம் அவனுக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று நேற்று ஐயப்பட்டேன். அப்படித் தெரிந்தால் யார் சொல்லியிருப்பார்கள்? அப்பா என் காதில் சொல்லும்போது அறையில் ஒரு செவிலி இருந்தாள். அவளை விசாரிக்க வேண்டும். உயிரோடு இருக்கிறாளோ என்னவோ.

என் மகன் ஓசூரில் இருக்கிறான். கடற்காற்றே அவனுக்கு ஆகாது. எனக்கு எழுபத்தொரு வயது ஐயா. நாளைக்கு நான் போனால் அந்த இடமும் என்னோடு போய்விடும். அப்பா அதற்காகவா சொன்னார்? யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? தம்பி வேண்டாம் என்கிறான். ஊரில் மற்றவர்களை நான் நம்புவதில்லை.

நீங்கள் வெளியூர்க்காரர். உங்களுக்கு வள்ளமும் இல்லை, வலையும் இல்லை. பார்த்தால் நம்பத்தகுந்தவராகத் தெரிகிறீர்கள். எழுதிக்கொள்ள வேண்டாம், காதால் கேட்டால் போதும். யாரிடமும் சொல்லக் கூடாது.

இப்படி எழுந்து வாருங்கள். என் தோளுக்கு நேராகக் கிழக்கே பாருங்கள். அங்கே கலங்கரை விளக்கம் தெரிகிறதா?